ரிவால்வர் வாங்குமுன் கையை நீட்டிப் பாருங்கள்

போன தை மாதம் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். திருமங்கலத்தில் பைனான்ஸ் நடத்துகிறான். வசூல் முடித்து இரவு பத்து, பதினொரு மணிக்கு நான்கு வழிச்சாலையில் தனியாகத் திரும்புகிற பிழைப்பு. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் போனை என் பக்கம் திருப்பினான். "சித்தப்பா, இந்த மூணுல எது நல்ல ரிவால்வர்னு சொல்லுங்க, வாங்கிரலாம்." செருப்பு வாங்குகிற மாதிரிதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இறந்து அவருடைய துப்பாக்கி என் பெயருக்கு மாறிய வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்களுக்குத் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறை. செய்த நகையைக் காரைக்குடி, கோவில்பட்டி என்று கொண்டுபோய்க் கொடுப்பது அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. அதற்காக அவர் வைத்திருந்தது சீமையில் செய்த பழைய .32 வெப்லி ரிவால்வர். அதை வைத்துக்கொண்டு நான் செய்த தப்புகளும், பிறகு கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. அண்ணன் மகனுக்குச் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், வேண்டுமா?

அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "கையில எவ்வளவு ரொக்கம் கொண்டு வர்ற?" என்பது. பாதிப் பேர் இப்போது போனில் அனுப்பிவிடுகிறார்கள் என்றான். மீதிப் பாதியையும் அப்படி மாற்ற முடிந்தால், திரும்பும் நேரத்தை மாலை ஆறு மணிக்குக் கொண்டுவர முடிந்தால், கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ள முடிந்தால், உங்களுக்கு ரிவால்வர் தேவையில்லை. இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. இடுப்பில் துப்பாக்கி இருக்கிறவன் எந்த வாய்ச்சண்டையிலும் தோற்றுப்போகப் பழக வேண்டும். பார்க்கிங் தகராறு, பங்காளிச் சண்டை, டாஸ்மாக் பக்கத்துக் கலாட்டா, எதிலும் குரலை உயர்த்த முடியாது. கோபக்காரர்களும் தினமும் குடிக்கிறவர்களும் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம்.

அண்ணன் மகனுக்கு இரண்டு முறை வழிமறிப்பு நடந்திருக்கிறது. புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சிஎஸ்ஆர் ரசீதும் வைத்திருக்கிறான். அதனால் மேலே பேசினோம்.

லைசென்ஸ் வருமுன் கடைப் பக்கம் போகாதீர்கள்

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை கிடையாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருட ஆயுத விதிகளும் கொடுக்கிற அனுமதி, அவ்வளவுதான். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மதுரை மாநகர எல்லைக்குள் குடியிருந்தால் போலீஸ் கமிஷனர் அலுவலகம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று வெளியே இருந்தால் கலெக்டர் அலுவலகம். விண்ணப்பம் ஏ-1 படிவம். அதோடு அடையாள, முகவரிச் சான்றுகள், டாக்டர் சான்றிதழ், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ், ஆயுதத்தைப் பத்திரமாக வைக்க வசதி இருக்கிறது என்ற உறுதிமொழி, இவையெல்லாம் சேரும். டாக்டர் சான்றிதழில் மனநலமும் போதைப் பழக்கமும் உண்டு. போலீஸ் உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று பார்க்கும், அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்.

"ஏன் வேண்டும்" என்ற இடத்தில் "தற்காப்புக்காக" என்று ஒரே வார்த்தை எழுதுகிறவர்கள்தான் அதிகம். அது போதாது. என்ன தொழில், எந்த வழித்தடம், எத்தனை மணிக்கு, இதற்கு முன் என்ன நடந்தது, எந்தத் தேதியில் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தீர்கள் என்று எழுதி நகல்களை இணையுங்கள். வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, பைனான்ஸ் லைசென்ஸ் இருந்தால் அவற்றையும் சேருங்கள். கிடைக்க மாதக் கணக்கில் ஆகும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. "நான் முடிச்சுத் தர்றேன்" என்று வருகிற தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிமாநிலத்துப் போலி லைசென்ஸை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் கதை வேண்டிய அளவு இருக்கிறது.

லைசென்ஸ் வந்தால் அதில் தேசியத் தரவுத்தளத்தின் தனி எண், அதாவது யுஐஎன், இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத லைசென்ஸ் செல்லாது. எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதையும் படியுங்கள். மாவட்டம் மட்டும் என்றிருந்தால் திருமங்கலத்திலிருந்து விருதுநகர் எல்லையைத் தாண்டினாலே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருடம் செல்லும், ஆனால் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்பா வழியில் வந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

எந்த அளவு?

அளவு என்பது குழலின் உள்விட்டம். .32 என்றால் அங்குலக் கணக்கு. சினிமாவில் பார்க்கிற 9 எம்எம், .38, .45 எல்லாம் நமக்குக் கிடையாது. ராணுவமும் போலீசும் பயன்படுத்துகிற தோட்டாவைச் சுடக்கூடிய எதுவும் தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரண ஆளுக்கு ரிவால்வரில் மிஞ்சுவது .32, அதற்கு அடுத்து .22. ஆகவே "எந்த அளவு நல்லது" என்று நெட்டில் அமெரிக்கக்காரர்கள் மணிக்கணக்கில் போடுகிற சண்டையில் நமக்கு வேலை இல்லை. சட்டம் அதை முடித்து வைத்துவிட்டது.

.32 ரிவால்வர் தோட்டாவின் வேகம் குறைவு. 9 எம்எம் தோட்டாவின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அப்படியானால் வீணா? இல்லை. சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னுக்குத் தள்ளுகிற உதை குறைவு என்பதால் பழகாத கையும் அடுத்த குண்டைப் போன இடத்திலேயே வைக்கும். காரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும்? அந்தத் தூரத்தில் குறி தவறாமல் படுவதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் வேறு வேறு. ரிவால்வருக்கானது நீளமானது, அடியில் விளிம்பு தெளிவாக வெளியே நிற்கும். பிஸ்டலுக்கானது குட்டை. கடையில் ".32 குடுங்க" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ரிவால்வர் தோட்டா என்று சொல்லி, பெட்டியைத் திறந்து ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். அடியில் கேஎஃப் என்று பொறித்திருந்தால் புனே அருகே கிர்க்கீ அரசுத் தொழிற்சாலையில் செய்தது. பச்சை பூத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிஸ்டல் ஏன் வேண்டாம்?

அண்ணன் மகனுக்கு மனசு பிஸ்டல் மேல்தான். அதில் தோட்டாவும் கூடுதலாகப் போடலாம், தட்டையாகவும் இருக்கும். ஆனால் பிஸ்டலில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மேலே உள்ள சறுக்கியைப் பின்னால் இழுத்து, அதை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். பயத்தில் விரல் நடுங்குகிற நேரத்தில் இரண்டு கையும் வேண்டும், பழக்கமும் வேண்டும். ரிவால்வரில் டிரிக்கரை மறுபடி இழுத்தால் போதும், தோட்டாக்கள் இருக்கிற உருளை சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். மாதம் ஒருமுறைகூடச் சுட்டுப் பழக இடமில்லாத நம் மாதிரி ஆட்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதும் உருளையைத் திறந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிஸ்டலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டு "காலி" என்று நினைத்து, குழலுக்குள் ஒன்று இருப்பதை மறந்தவர்களால்தான் விபத்து நடக்கிறது.

இனிதான் கையை நீட்ட வேண்டும்

ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். பின்னால் நிற்கிற சுத்தியலை, அந்தக் காலத்து ஆட்கள் குதிரை என்பார்கள், கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுடுவது ஒன்று. அப்போது டிரிக்கர் வெண்ணெய் மாதிரி போகும். குதிரையைத் தொடாமல் டிரிக்கரை மட்டும் முழுவதும் இழுப்பது இன்னொன்று. உருளையைச் சுற்றுவது, குதிரையைத் தூக்குவது, விடுவது எல்லாமே அந்த ஒரு விரலின் வேலை. அதனால் கனமாக இருக்கும். கடைக்காரர் முதல் விதத்தைக் காட்டி "எவ்வளவு லேசு பாருங்க" என்பார். ஆபத்து நேரத்தில் நீங்கள் செய்யப் போவது இரண்டாவதைத்தான்.

ஆகவே லைசென்ஸோடு கடைக்குப் போனதும் இதைச் செய்யுங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று அவர் ஒருமுறை பார்க்கட்டும், நீங்கள் ஒருமுறை பாருங்கள், விரலை விட்டும் தடவிப் பாருங்கள். ஆட்கள் இல்லாத, செங்கல் சுவர் இருக்கிற திசையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கையாலும் பிடித்து, கையை நீட்டி, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, குதிரையைத் தொடாமல் பன்னிரண்டு தடவை இழுங்கள். ஆறு போதாது. முதல் ஆறு வீம்பில் போய்விடும். எட்டாவது, ஒன்பதாவதில் குழலின் நுனி என்ன செய்கிறது என்று பாருங்கள். நுனி கீழே இறங்கினாலோ, ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கவாட்டில் ஆடினாலோ, விரலை மாற்றி மாற்றி வைத்தாலோ, அந்தத் துப்பாக்கி உங்களுடையது இல்லை. விலை, பெயர், பளபளப்பு எதுவும் அதைச் சரிசெய்யாது.

இன்னொன்று, பிடி. உள்ளங்கைக்கும் டிரிக்கருக்கும் உள்ள தூரம் சரியாக இருந்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிக்கர் மேல் படியும். நுனி மட்டும் எட்டினால் பிடி பெரியது. விரல் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டால் சின்னது. பெரும்பாலும் மரப்பிடியை மாற்றலாம், இதற்காக நல்ல துப்பாக்கியை ஒதுக்க வேண்டியதில்லை. டிரிக்கர் கனத்தை மட்டும் "பிறகு சரிபண்ணிக்கலாம்" என்று நம்பி வாங்காதீர்கள். ஸ்பிரிங்கை அறுத்து லேசாக்கித் தருகிற கைவைத்தியர்கள் உண்டு. அப்படிச் செய்தால் குதிரை அடிக்கிற அடியில் தோட்டா வெடிக்காமல் போகும்.

குடும்பத்தில் இன்னொருவரும் லைசென்ஸ் வாங்கப் போகிறார் என்றால் அவர் கைக்கு வேறு துப்பாக்கி பொருந்தலாம். உங்கள் லைசென்ஸில் உள்ளதை மனைவியோ மகனோ எடுத்துப் பயன்படுத்துவது சட்டப்படி நடக்காது.

எது எது கிடைக்கும்

1980களின் நடுவிலிருந்து தனியாட்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி அடைபட்டுவிட்டது. அதனால் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் கான்பூர் சரக்கு. முன்பு ராணுவத் தளவாடங்கள் செய்கிற அரசின் ஆர்டினன்ஸ் பாக்டரி போர்டு என்று இருந்ததை 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். துப்பாக்கி செய்கிற பிரிவு அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா, சுருக்கமாக ஏடபிள்யூஇஐஎல், என்று கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதற்குள்தான் வருகிறது.

பழைய .32 ரிவால்வர், வெப்லி மாதிரியை வைத்துச் செய்தது. ஆறு தோட்டா, சுமார் 700 கிராம், 3 அங்குலக் குழல். நடுவில் மடித்துத் திறக்கிற அமைப்பு. முரட்டு வேலைப்பாடு, ஆனால் உழைக்கும். உதிரி பாகமும் பழுது பார்க்கிற ஆளும் எளிதாகக் கிடைப்பது இதற்குத்தான்.

நிர்பீக் 2014இல் வந்தது. பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தினார்கள். அதே .32, ஆறு தோட்டா, எடை ஏறத்தாழ 500 கிராம். வெளியான புதிதிலேயே விலை 1,22,360 ரூபாய். அண்ணன் மகனின் போனில் முதலாவதாக இருந்தது இதுதான். லேசாக இருந்தால் தூக்க வசதி, வாஸ்தவம். ஆனால் துப்பாக்கியின் எடைதான் உதையைத் தாங்குகிறது. எடை குறையக் குறைய உதை கைக்கு வரும். நாள் முழுக்கக் கைப்பையில் சுமக்கிறவருக்கு இது சரி. காரிலேயே போய் வருகிறவனுக்கு 200 கிராம் மிச்சம் பிடிப்பதில் லாபமில்லை.

நிடர் .22 அளவு, எட்டு தோட்டா, எடை 250 கிராம். கையளவுதான் இருக்கும். .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை விளிம்புக்குள் இருக்கிறது, அதனால் சில சமயம் வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம். விரல் மூட்டு வலி உள்ள வயதானவருக்கு வேறு எதுவும் இழுபடவில்லை என்றால் மட்டும் நான் இதைச் சொல்வேன்.

பிரபல் 2023 ஆகஸ்டில் வந்தது. .32தான், எடை 700 கிராம், குழல் 76 மில்லிமீட்டர். உருளை பக்கவாட்டில் வெளியே வருவது இதன் விசேஷம், நம் நாட்டுத் தயாரிப்பில் இதுவே முதல். 50 மீட்டர் வரை சுடலாம் என்று சொல்லி விற்கிறார்கள். 50 மீட்டரில் இருக்கிறவன் உங்களுக்கு ஆபத்து என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பீர்கள்? அந்த எண்ணை விடுங்கள். பக்கவாட்டில் திறப்பதுதான் காசுக்குத் தகுந்த விஷயம். மடிக்கிற ரகத்தில் மேலே உள்ள கொக்கி வருடக்கணக்கில் தேய்ந்து இளகும், துப்பாக்கியின் உடற்கூடு, அதாவது ஃபிரேம், இரண்டு துண்டாக இருப்பதால் ஆட்டம் கொடுக்கும். இதில் ஃபிரேம் ஒரே துண்டு.

இவை போக, வெப்லி அண்ட் ஸ்காட் உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் மாவட்டத்தில் இந்தியக் கூட்டாளியோடு தொழிற்சாலை வைத்து .32 ரிவால்வர் செய்கிறது.

வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரிலிருந்து ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் 40 சதவீதம்.

பழசு வாங்கினால்

பழைய சீமை ரிவால்வருக்கு இன்னும் மவுசு உண்டு, விலையும் லட்சங்களில் ஓடும். காலியாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு நான்கு சோதனை. குதிரையை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது நிற்பதற்கு முன்போ நிற்கும்போதோ உருளை "டக்" என்று பூட்ட வேண்டும். பிறகு உருளையைப் பிடித்து ஆட்டுங்கள். நூலிழை ஆடலாம், கடகடவென்று ஆடக் கூடாது. ஆடினால் தோட்டாவும் குழலும் நேர்கோட்டில் நிற்காது, ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே உள்ள சுருள்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், புள்ளிப் புள்ளியாகத் துரு அரித்திருக்கக் கூடாது. கடைசியாக நம்பர். விற்பவரின் லைசென்ஸில் உள்ள நம்பரும் துப்பாக்கியில் பொறித்த நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உரசிய தடம் தெரிந்தால் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். கைமாற்றும் அனுமதியோடு, காகிதத்தில்தான் நடக்க வேண்டும்.

வேட்டியில் எங்கே வைப்பது

உறையைத் தேடும்போதுதான் நாம் மதுரைக்காரர்கள் என்பது நினைவுக்கு வரும். கடையில் விற்கிற உறையெல்லாம் பேண்ட் பெல்ட்டில் மாட்டுகிற மாதிரி. நாம் பாதி நாள் வேட்டியில் இருக்கிறோம்.

அப்பா அகலமான பச்சை பெல்ட்டுக்கு உள்ளே சொருகிக்கொள்வார். நானும் அப்படியே செய்தேன். ஒருநாள் சிவகங்கை ரோட்டில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கக் குனிந்தேன். வெப்லி நழுவி, வேட்டிக்குள்ளேயே இறங்கி, கால் வழியாகத் தரையில் "டங்" என்று விழுந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, சாவிக்கொத்து விழுந்துருச்சு பாருங்க" என்றார். குனிந்து துண்டால் மூடி எடுத்தபோது என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. குதிரை தரையில் பட்டு மண் ஒட்டியிருந்தது. அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஆறில் ஐந்துதான் போட்டு, குதிரைக்கு நேரே இருக்கும் அறையைக் காலியாக விட்டிருந்தேன். பழைய ரகம் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். புதியவற்றில் விழுந்தாலும் வெடிக்காத தடுப்பு இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் ஐந்துதான்.

அன்றைக்கு முடிவு செய்தது: வேட்டி கட்டினால் துப்பாக்கி கிடையாது. பேண்ட், ஒன்றரை அங்குலக் கெட்டி பெல்ட், டிரிக்கரை முழுக்க மூடுகிற, மேலே பட்டன் வைத்த உறை, அதன் மேல் சட்டையை வெளியே விட்டுக்கொள்வது. பொது இடத்தில் உறையில் மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்பது விதியும்கூட. வெறும் பையில், கார் டேஷ்போர்டில், கைப்பைக்குள் சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள். சாவி டிரிக்கருக்குள் நுழைய எவ்வளவு நேரமாகும்?

போகிற இடத்தையும் யோசிக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலில் செல்போனுக்கே அனுமதி இல்லை. ஒத்தக்கடை ஹைகோர்ட்டில் வாசலிலேயே சோதனை. ரேஷன் கார்டு வேலையாகத் தாலுகா ஆபீஸ், பேரன் பள்ளி ஆண்டுவிழா என்று வழியில் சேர்ந்துகொள்கிற நாளில் காரில் வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அது வீட்டிலேயே இருக்கட்டும்.

இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர் அப்படி: துப்பாக்கியோடு போட்டோ எடுத்து பிளக்ஸிலும் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். திருவிழா, கல்யாணம் என்று வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தப்படி 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வீட்டில்

பீரோ போதாது. பீரோ சாவி எங்கே தொங்குகிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சுவரிலோ தரையிலோ போல்ட் அடித்து இறுக்கிய சின்ன லாக்கர், நம்பர் பூட்டு. தோட்டாவுக்குத் தனிப் பெட்டி. "திருடன் வரும்போது நம்பரா அழுத்திக்கிட்டு இருப்பேன்?" என்று அண்ணன் மகன் கேட்டான். அவன் பயம் ரோட்டில்தான், வீட்டில் இல்லை. வீட்டில் இருப்பது நாலு வயது மகள்.

பழகுவது

வாங்கிவிட்டு லாக்கரில் பூட்டுவதற்கு ரிவால்வர் நகை இல்லை. ரைபிள் கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, உங்கள் துப்பாக்கியில் ஐம்பது தோட்டாவாவது சுட்ட பிறகே அதை வெளியே எடுத்துப் போங்கள். அங்கே இரண்டு விஷயம் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, சுடத் தீர்மானிக்கும் வரை விரல் டிரிக்கருக்கு வெளியே, ஃபிரேமின் மேல் நீட்டியபடி இருப்பது. இரண்டு, மற்றக் கையின் விரல் உருளையின் முன்பக்கம் போகாமல் இருப்பது. உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சூடான வாயு கத்தி மாதிரி வரும். பிஸ்டல் பழகியவர்கள் இதில்தான் விரலைச் சுட்டுக்கொள்கிறார்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் போடாமல் ஒரு குண்டுகூட வேண்டாம்.

வீட்டில் பழக டம்மி தோட்டா போட்டு தினமும் பத்து இழுப்பு போதும். நிஜத் தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும்.

எப்போது சுடலாம்

இதற்கு ஒரு வக்கீலோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். நான் சொல்வது சுருக்கம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தால் எதிராளி சாகும் அளவுக்குத் தாக்கியது குற்றமாகாது என்பது 38. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீசை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்பது 37. பையைப் பிடுங்கியவன் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டான், உங்கள் உயிர்பயம் போய்விட்டது என்றால் அவன் முதுகில் சுடுவது தற்காப்பு ஆகாது. பையில் எத்தனை லட்சம் இருந்தாலும் அப்படித்தான். பணத்துக்கு இன்சூரன்ஸ் போடுங்கள்.

துரு, தேர்தல்

நம் ஊர் வெயிலில் வியர்வைதான் எதிரி. தோல் உறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே எடுத்துப் போன ஒவ்வொரு நாளும் இரவு உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். உறையோடு லாக்கரில் வைக்காதீர்கள்.

தேர்தல் அறிவித்ததும் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வரும். ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ கொடுக்க வேண்டும். ஒருமுறை நான் அப்பாவின் வெப்லியைத் தோல் உறையோடு அப்படியே ஒரு இடத்தில் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்கியபோது உறையின் தையல் போன இடமெல்லாம் உருளை மேல் துருவாகப் பதிந்திருந்தது. ரசீதில் நம்பரும் இல்லை, "ரிவால்வர் ஒன்று" என்றுதான் எழுதியிருந்தார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இப்போது எண்ணெய்யைக் கொஞ்சம் தாராளமாகத் தடவி, பழைய மல்வேட்டித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்கிறேன். கவுண்டரை விட்டு நகரும் முன் ரசீதில் துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கை, தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன் மகனுக்கு லைசென்ஸ் ஆவணியில் வந்தது. கடையில் நிர்பீக்கை எடுத்து நீட்டினான். ஒன்பதாவது இழுப்பில் நுனி இடதுபக்கம் போனது, அவனே கீழே வைத்துவிட்டான். பிரபலில் பன்னிரண்டையும் முடித்துவிட்டு, கேட்காமலே இன்னும் ஆறு இழுத்தான்.